கலர் ப்ரூஃபில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேட்டிருப்பது இது: பெங்களூரு சிக்பேட்டில் ஒரு பட்டுக் கடைக்கு 48 பக்கக் கேட்லாக். டிஜிட்டல் ப்ரூஃபை (அச்சுக்கு முன் நிறம் பார்க்க எடுக்கும் மாதிரித் தாளை) பார்த்துக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அச்சாகி வந்ததில் வாடாமல்லிப் புடவை மங்கிக் கிடக்கிறது, மயில் கழுத்து வெறும் நீலமாகிவிட்டது. ‘குரோமலின் காலத்தில் இப்படியெல்லாம் நடக்காது’ என்கிறார், ஃபிலிம் வைத்து எடுத்த அந்தப் பழைய ப்ரூஃபை நினைத்து, அச்சகத்துப் பெரியவர். அவர் சொல்வது சரியா? ப்ரூஃப் எப்படி இப்படி மாறியது? இனி எதைக் கேட்டு வாங்குவது?

பெரியவர் சொல்வதில் பாதி சரி. அந்தக் காலத்தில் எந்த ஃபிலிமை வைத்து பிளேட் (மையைத் தாங்கி அச்சிடும் தகடு) போடுவார்களோ அதே ஃபிலிமை வைத்துத்தான் ப்ரூஃபும் எடுத்தார்கள். ப்ரூஃபும் ஜாபும், அதாவது உண்மையான அச்சு வேலையும், ஒரு தாய் பிள்ளைகள். இன்றைய ப்ரூஃப் வேறு மெஷின், வேறு மை, வேறு காகிதம். அதற்கும் ஜாபுக்கும் நடுவே இருப்பது கணக்கு ஒன்றுதான். கணக்கு சரியாக இருந்தால் இன்றைய ப்ரூஃப் குரோமலினை விடத் துல்லியம். கணக்கை யாருமே அளந்து பார்க்கவில்லை என்றால் கையில் இருப்பது ஓர் அழகான படம், அவ்வளவுதான். வாடாமல்லிக்கு என்ன ஆனது என்பதும் இங்கேதான் இருக்கிறது. அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

முதலில் இருந்தது மெஷின் ப்ரூஃப். ஃபிளாட்-பெட் ப்ரூஃபிங் மெஷினில் ஒரு மேடையில் பிளேட், அடுத்த மேடையில் தாள். பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பு சுற்றிய சிலிண்டர் பிளேட்டின் மேல் உருண்டு மையை வாங்கி, தாளின் மேல் உருண்டு இறக்கும். ஒரு கலர் முடிந்ததும் ரோலரைக் கழுவி, அடுத்த பிளேட்டை ஏற்றி, ரெஜிஸ்டர் (கலர்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று) பார்த்து, அதே தாள்களை மறுபடி விட வேண்டும். நான்கு கலருக்கும் சேர்த்து நாளில் பாதி போய்விடும். வாடிக்கையாளருக்குப் போகும் கடைசித் தாளோடு அச்சகத்துக்கு ஒரு ‘புரோகிரசிவ்’ செட்டும் போகும்: மஞ்சள் தனியாக, மெஜந்தா தனியாக, இரண்டும் சேர்ந்தது, சயான் தனியாக, மூன்றும் சேர்ந்தது, கருப்பு தனியாக, கடைசியில் நான்கும். ஒற்றைக் கலர் மெஷினில் வேலை பார்த்தவருக்கு இந்த செட் இல்லாமல் கை ஓடாது. மஞ்சளும் மெஜந்தாவும் முடிந்த நிலையில் படம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால், நான்காவது கலர் விழுந்த பிறகுதான் தப்பு தெரியும். அதற்குள் மொத்தத் தாளும் ஓடியிருக்கும்.

அதே மை, அதே பிளேட் வகை, பல சமயம் அதே காகிதம். அப்படியிருந்தும் மெஷின் ப்ரூஃப் ஏமாற்றியது. காரணம் வேகமும் ஈரமும். ப்ரூஃபிங் மெஷினில் ஒரு கலருக்கும் அடுத்ததற்கும் இடையே முதல் மை ஓரளவு காய்ந்துவிடும், மேலே விழுகிற மை முழுதாக ஒட்டும். நாலு கலர் மெஷினில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஈரத்தின் மேல் ஈரம் விழுகிறது. இரண்டாவது மை முழுதாகப் பிடிக்காது. கருப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற வரிசையில் ஓடும் மெஷினில் சிவப்பு என்பது மெஜந்தாவின் மேல் மஞ்சள். மஞ்சள் சரியாகப் பிடிக்காவிட்டால் அரக்குச் சிவப்பு மெஜந்தா பக்கம் சாயும். அதோடு ப்ரூஃபிங் மெஷினில் அழுத்தம் குறைவு, டாட், அதாவது படத்தை உருவாக்கும் மைப்புள்ளி, குறைவாகவே பருக்கும், படம் பளிச்சென்று இருக்கும். இன்னொன்றும் உண்டு. பத்துத் தாள் எடுத்து, அதில் மை தூக்கலாக விழுந்த ஒன்றைத் தேர்ந்து வாடிக்கையாளரிடம் காட்டிவிடுவார்கள். அதைப் பத்தாயிரம் தாளில் கொண்டுவர மெஷின்மேன் திணறுவார். அந்தக் காலத்தில் ப்ரூஃப் முன்னால் ஓடியது, மெஷின் பின்னால் துரத்தியது.

அடுத்து 1960-களில் 3எம் நிறுவனத்தின் கலர் கீ போன்ற ஓவர்லே ப்ரூஃப்கள். நான்கு பிளாஸ்டிக் ஷீட், ஒவ்வொன்றிலும் ஒரு கலர். ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் வெள்ளைத் தாள் வைத்துப் பார்ப்பார்கள். எழுத்து விட்டுப்போயிருக்கிறதா, ரெஜிஸ்டர் சரியா என்று பார்க்க நல்ல சாமான். கலருக்கு ஆகாது. நாலு பிளாஸ்டிக்கின் வழியே பார்க்கும்போது வெள்ளையே பழுப்பாகத் தெரியும்.

குரோமலின் 1972-ல் டுபான்ட் நிறுவனம் கொண்டுவந்தது. பெரியவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளை அட்டையின் மேல் ஒளியில் இறுகும் ஒரு பாலிமர் ஃபிலிமை லாமினேட்டரில் சூடாக ஒட்டுவார்கள். அந்தப் பாலிமர் இயல்பில் பிசுபிசுப்பானது. அதன் மேல் பாசிட்டிவ் ஃபிலிமை வைத்துப் புற ஊதா வெளிச்சம் காட்டினால், டாட் மறைக்காத இடம் இறுகிப் பிசுக்கை இழக்கும். டாட் மறைத்த இடம் பிசுபிசுப்பாகவே இருக்கும். மேல் உறையை உரித்துவிட்டு மெஜந்தா டோனர் பொடியைப் பஞ்சால் ஒற்றித் தேய்த்தால், பிசுக்கு இருக்கும் டாட்டில் மட்டும் பொடி ஒட்டும். மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மேலே அடுத்த பாலிமர் ஃபிலிம், அடுத்த கலர். நாலு கலரும் முடிந்ததும் கடைசியாக ஒரு பாதுகாப்பு அடுக்கு. எண்பதுகளில் வந்த மேட்ச்பிரின்ட்டும் இதே குடும்பம்தான். அங்கே பொடி கிடையாது, கலர் பூசிய ஃபிலிமையே ஒட்டி, ஒளி காட்டி, டெவலப் செய்வார்கள்.

இந்த ப்ரூஃபை லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிவது உண்மையான டாட். சயான் 15 டிகிரி, கருப்பு 45, மெஜந்தா 75, மஞ்சள் 0 என்று கோணம் போட்டிருந்தால் நாலு கலர் டாட்டும் சேர்ந்த ரோசெட் பூப்பூவாகத் தெரியும். கோணம் ஒன்று தவறினால், அல்லது புடவையின் நெசவுக் கட்டமும் டாட் வரிசையான ஸ்கிரீனும் மோதினால், மொய்ரே என்ற அலை வடிவம் ப்ரூஃபிலேயே தெரிந்துவிடும். பட்டுப் புடவைப் படங்களுக்கு இது பெரிய விஷயம். பார்டரில் நெருக்கமான ஜரிகைக் கோடுகள் இருக்கும், 175 லைன் (அங்குலத்துக்கு 175 டாட் வரிசை) ஸ்கிரீனில் அவை அலையடிக்க வாய்ப்பு அதிகம். இன்றைய இன்க்ஜெட் ப்ரூஃபில் அந்த டாட்டே இல்லை, அதனால் அலையும் தெரியாது. பெரியவர் பக்கம் நியாயம் இருக்கும் இடம் இது.

ஆனால் ‘நடக்கவே நடக்காது’ என்பது சரியில்லை. குரோமலினின் டாட் கெயின் (டாட் பருக்கும் அளவு) அந்தப் பொருளோடு வந்தது, மாற்ற வழியில்லை. அச்சகத்தின் மெஷின் அதைவிட அதிகமாக டாட்டைப் பருக்க வைத்தால் அச்சு கருத்துத்தான் வரும். அட்டையின் வெள்ளை ஜாப் காகிதத்தின் வெள்ளை கிடையாது. மேலே பளபளப்பான அடுக்கு இருந்ததால் மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத காகிதத்தில் அடிக்கும் வேலைக்கும் ப்ரூஃப் ஆர்ட் பேப்பர் மாதிரியே மின்னும். டோனரை அழுத்தித் தேய்ப்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். அன்று தப்பு நடக்காமல் இருக்கவில்லை, நடந்தால் திருத்த வழி இருந்தது. முகத்தில் சிவப்பு தூக்கல் என்றால் மெஜந்தா ஃபிலிமை மேஜையில் போட்டு, பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஹைபோவும் கலந்த கரைசலைத் தூரிகையில் தொட்டு, அந்த இடத்து டாட்டை மட்டும் கரைத்துச் சின்னதாக்கும் கைகள் இருந்தன. சில நொடி அதிகம் வைத்தால் டாட்டே போய்விடும். அந்தக் கைத்திறன்தான் பெரியவர் குரோமலின் என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது.

அதை முடித்து வைத்தது சிடிபி. 1995-ல் டுசெல்டார்ஃபில் நடந்த துருப்பா அச்சுக் கண்காட்சியில் கணினியிலிருந்து நேராக பிளேட் என்பது பேச்சாகி, அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் ஃபிலிமே இல்லாமல் போனது. ஃபிலிம் இல்லை என்றால் குரோமலினுக்கு மூலம் இல்லை. கோடக்கின் அப்ரூவல் போன்ற மெஷின்கள் லேசரால் கலரை டாட் டாட்டாக மாற்றி, ஜாப் காகிதத்திலேயே கூட ப்ரூஃப் தந்தன. விலையும் செலவும் பெரிது. ஐரிஸ் இன்க்ஜெட் அழகாக அடித்தது, ஆனால் அதன் மை சாயம், ஈரமும் வெளிச்சமும் பட்டால் நிற்காது. கடைசியில் நிலைத்தது நிறமி மை போட்ட பெரிய எப்சன் பிரிண்டரும், அதை ஓட்டும் ரிப் மென்பொருளும். இன்று பெங்களூரில் ஒழுங்காக ப்ரூஃப் தரும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது இந்த ஜோடிதான்.

இதன் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1993-ல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு கருவியும் எந்த எண்ணுக்கு எந்த நிறம் காட்டும் என்பதை ஒரு புரொஃபைலாக எழுதி வைப்பது அதன் வழி. 1996-ல் ஆஃப்செட் அச்சுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12647-2 வந்தது. கோட்டட் (மேல்பூச்சு உள்ள) காகிதத்தில் முழுச் சயான் என்றால் லேப் அளவில் 55, -37, -50 என்றும், மெஜந்தா 48, 74, -3 என்றும், மஞ்சள் 89, -5, 93 என்றும் ஃபோக்ரா39 என்ற அச்சு நிறத் தரவு சொல்வது அந்த வழியில் வந்த எண்கள். லேப் என்பதில் முதல் எண் வெளிச்சம், இரண்டாவது பச்சை-சிவப்பு, மூன்றாவது நீலம்-மஞ்சள். உங்கள் பிடிஎஃப்-இல் மெஜந்தா 100 என்று இருந்தால், ரிப் அதை ஃபோக்ரா39 வழியே 48, 74, -3 என்று படித்து, எப்சன் மைகளில் எதை எவ்வளவு தெளித்தால் இந்த மூன்று எண் வரும் என்று கணக்குப் போட்டுத் தெளிக்கிறது. எப்சனின் மெஜந்தா நேராகப் போவதே இல்லை.

இங்கேதான் துரத்தல் திசை மாறியது. முன்பு மெஷின் ப்ரூஃபைத் துரத்தியது. இப்போது மெஷினும் ப்ரூஃபும் தனித்தனியாக ஒரே எண்ணைத் துரத்துகின்றன. இரண்டும் எண்ணைத் தொட்டால் ஒன்றோடொன்று தானாகப் பொருந்தும். ஒன்று தவறினாலும் பொருந்தாது. எது தவறியது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, அளந்தால் சொல்லிவிடலாம்.

இப்போது வாடாமல்லிக்கு வருவோம். ஆரஞ்சு, பச்சை மைகளும் சேர்ந்த எப்சன் மெஷின்களால் ஆஃப்செட்டின் நாலு மையால் தொட முடியாத பல நிறங்களை அடிக்க முடியும். வாடாமல்லி, கிளிப்பச்சை, கனகாம்பரம் மூன்றும் அந்த வெளிவட்டத்து நிறங்கள். ப்ரூஃபர் தன் திறமையை அடக்கிக்கொண்டு ஃபோக்ரா39-க்குள் நின்று அடித்தால்தான் அது ப்ரூஃப். படம் ஆர்ஜிபி-யிலேயே (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்கில்) இருந்து ரிப் அதை அப்படியே எடுத்துக்கொண்டாலோ, ரிப் இல்லாமல் சாதாரண டிரைவர் வழியே அடித்தாலோ, ஆஃப்செட்டைப் போல நடிக்க வைக்கும் சிமுலேஷன் அணைந்திருந்தாலோ, எப்சன் தன் முழு வண்ணத்தையும் கொட்டிவிடும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து மகிழ்ந்து கையெழுத்துப் போடுவார். பிளேட் போடும்போது அதே படம் சிஎம்ஒய்கே-க்கு, அதாவது நாலு மைக் கணக்குக்கு, மாறி, வாடாமல்லி தன்னால் முடிந்த அளவுக்கு ஒடுங்கிவிடும். அச்சில் குறை இல்லாமல் இருக்கலாம். ப்ரூஃப் கொடுக்க முடியாத வாக்கைக் கொடுத்திருக்கிறது.

மயில் கழுத்து வேறு சங்கதி. அந்தப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கையில் எடுத்து அசைக்கும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிவதுதான் அதன் அழகு. கேமரா ஒரே கோணத்தில் ஒரே நிறத்தைத்தான் பிடிக்கும். மடிப்புகளில் இரண்டு நிறமும் தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்காவிட்டால் எந்த ப்ரூஃபும் காப்பாற்றாது. இதற்கு அச்சகத்தோடு சண்டை போடாதீர்கள். நீலப் புடவைகளில் இன்னொரு பொறி உண்டு. சயான் 100, மெஜந்தா 100 என்றால் திரையில் நீலம், தாளில் ஊதா. எம்.எஸ். நீலம் மாதிரி நிறங்களுக்கு மெஜந்தா சயானை விட 30 சதவீதமாவது குறைவாக இருக்கிறதா என்று ஃபோட்டோஷாப்பின் ஐட்ராப்பரால் ஒவ்வொரு படத்திலும் பாருங்கள்.

ப்ரூஃப் எண்ணைத் தொட்டதா என்று பார்க்கத்தான் வெட்ஜ். ப்ரூஃபின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு பட்டை இருக்க வேண்டும். ஃபோக்ரா மீடியா வெட்ஜின் மூன்றாம் பதிப்பில் 72 கட்டங்கள். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் இவற்றை அளந்து, இருக்க வேண்டிய எண்ணுக்கும் வந்திருக்கும் எண்ணுக்கும் உள்ள தூரத்தை டெல்டா ஈ என்று சொல்வார்கள். 1 என்றால் பழகிய கண்ணுக்கே அரிதாகத் தெரியும் வித்தியாசம். ப்ரூஃபுக்கான தரம் ஐஎஸ்ஓ 12647-7, முதலில் 2007-ல் வந்தது. 2016 பதிப்பின்படி, டெல்டா ஈ 2000 கணக்கில், எல்லாக் கட்டங்களின் சராசரி 2.5-க்குள், எந்த ஒரு கட்டமும் 5-க்குள், காகித வெள்ளை 3-க்குள் இருக்க வேண்டும். பழைய 76 கணக்கில் எழுதிய ரிப்போர்ட்டும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு அளவுகோல், ஒன்றின் எண்ணை இன்னொன்றின் வரம்போடு ஒப்பிடாதீர்கள். எந்தக் கணக்கு என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கும்.

ப்ரூஃப் வந்ததும் முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். வெட்ஜ் இருக்கிறதா, ஃபைல் பெயர், தேதி, நேரம், எந்தப் புரொஃபைல், எந்த ப்ரூஃப் காகிதம் என்ற வரி இருக்கிறதா, அளந்த முடிவு ஸ்டிக்கராகவோ அச்சாகவோ ஒட்டியிருக்கிறதா. ஸ்டிக்கர் போன மாதத்துடையது என்றால் அது இந்தத் தாளைப் பற்றிப் பேசவில்லை. அடித்து வந்த உடனே அளந்ததையும் நம்ப வேண்டாம், நிறமி மை உலர்ந்து நிலைக்க அரை மணி நேரமாவது விட வேண்டும். வெட்ஜ் இல்லாத தாளை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பக்க வரிசையும் எழுத்துப் பிழையும் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டோனர் மெஷினில் எடுக்கும் ‘டிஜிட்டல் பிரிண்ட்’ பெரும்பாலும் இந்த வகைதான்.

அடுத்த சிக்கல் காகிதம். நம் சந்தையில் கிடைக்கும் ஆர்ட் பேப்பரில் பெரும்பாலும் ஆப்டிகல் பிரைட்னர் கலந்திருக்கும், துணிக்குப் போடும் நீலம் மாதிரி. புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாக மின்னிக் காகிதத்தை வெள்ளையாகக் காட்டும். ஃபோக்ரா39-இன் காகித வெள்ளை 95, 0, -2. பிரைட்னர் உள்ள காகிதங்களைக் கணக்கில் கொண்டு 2015-ல் வந்த ஃபோக்ரா51-இல் அது 95, 1.5, -6. ஜாப் காகிதம் நீல வெள்ளையாக இருந்து, ப்ரூஃபை ஃபோக்ரா39-இல் எடுத்தால், பக்கத்தில் வைத்தவுடன் ப்ரூஃப் மஞ்சளாகத் தெரியும். வாடிக்கையாளர் ‘முகம் மஞ்சளா இருக்கு’ என்பார். மெஷின்மேன் மஞ்சளைக் குறைப்பார், அதோடு எல்லாச் சிவப்பும் போகும். எனவே அச்சகம் எந்தக் காகிதம் வாங்குகிறது என்று முதலில் கேட்டு, அதன் வெறும் தாளை அளக்கச் சொல்லிப் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஃபோக்ரா51 என்றால் ப்ரூஃப் காகிதத்திலும் பிரைட்னர் இருக்க வேண்டும், மீட்டர் எம்1 முறையில் (பிரைட்னரையும் கணக்கில் எடுக்கும் முறை) அளக்க வேண்டும். பழைய எம்0 மீட்டரால் அளந்த எண் இங்கே பொருந்தாது.

வெளிச்சத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. எப்சன் மையும் ஆஃப்செட் மையும் வேறு வேறு நிறமிகள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரிந்துவிடும். ஐஎஸ்ஓ 3664 சொல்வது டி50, அதாவது 5000 கெல்வின் வெளிச்சம், ஒப்பிட்டுப் பார்க்க 2000 லக்ஸ். கடைக் கல்லாவில், ஜரிகை மின்னுவதற்காகவே போட்ட மஞ்சள் எல்இடி-யின் கீழ் ப்ரூஃபை விரித்தால் அரக்கு தூக்கலாகவும் நீலம் செத்தும்தான் தெரியும். அங்கே வைத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். அச்சகத்திலோ ப்ரூஃப் எடுக்கும் இடத்திலோ வியூயிங் பூத் (இந்த வெளிச்சம் பொருத்திய மேடை) இருந்தால் கடைக்காரரையே அங்கே கூட்டிப் போங்கள், அரை மணி நேர வேலை. வழியே இல்லை என்றால் வெயில் நேராக விழாத ஜன்னலோரம், நடுப்பகல். பெங்களூரின் மழைக்கால மூட்டமான வானம் டி50-ஐ விட நீலம் என்பதையும் நினைவில் வையுங்கள். புடவையையே பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமென்றாலும் இதே வெளிச்சத்தில்தான். பட்டின் சாயமும் மையும் இன்னும் தூரத்து உறவு.

ப்ரூஃப் சரியாக இருந்தும் அச்சு தவறுவது உண்டு. அதற்குப் பொதுவான காரணம் டாட் கெயின். ஃபோக்ரா39-இல் ஃபைலில் 40 சதவீதம் இருக்கும் சயான் டாட், தாளில் சுமார் 53 ஆக வேண்டும். பிளாங்கெட் தளர்ந்திருந்தாலோ, அழுத்தம் கூடியிருந்தாலோ, சிடிபி-யின் கர்வ் (டாட் பருப்பதைச் சரிக்கட்டும் திருத்தம்) இந்த மெஷினுக்காகப் போடப்படாமல் இருந்தாலோ அது 60-ஐத் தாண்டும். முகங்கள் கருத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். அப்போது மையைக் குறைத்தால் முகம் தேறும், முழு நிறங்கள் வெளிறும். மங்கிய புடவையும் சரியான முகமும் ஒரே பக்கத்தில் இருந்தால் மெஷின்மேன் இப்படித்தான் சமாளித்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். ஈரமாக இருக்கும்போது பார்த்து ஓகே சொன்ன தாள், காய்ந்ததும் அடர்த்தி குறைந்து சற்று வெளிறும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

கேட்லாகுக்கே உரிய இன்னொரு காரணம், ப்ரூஃபில் ஒருபோதும் தெரியாதது. 28x40 அங்குல மெஷினில் தாளின் ஒரு புறத்துக்கு எட்டு ஏ4 பக்கம் விழும், நாலு அகலத்தில், இரண்டு வரிசையாக. 48 பக்கத்துக்கு மூன்று ஃபாரம் (இரு புறமும் அச்சாகும் தாள்), ஆறு புறம், 24 பிளேட். மையைக் கூட்டிக் குறைக்கும் இங்க் கீ ஒவ்வொன்றும் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலம், அதாவது ஒரு பக்க அகலத்துக்கு ஆறேழு கீ. மேலும் கீழும் ஒரே தடத்தில் வரும் இரண்டு பக்கத்துக்கும் அதே கீகள்தான். மேலே அரக்குப் புடவை, கீழே சந்தன நிறப் புடவை என்று வந்தால், அரக்குக்காக மெஜந்தா கீயைத் திறந்ததும் சந்தனம் ரோஸாகிவிடும். ப்ரூஃபை ஒவ்வொரு பக்கமாக எடுத்திருப்பதால் இந்த மோதல் அதில் இல்லை. லேஅவுட் முடியும் முன்பே அச்சகத்திடம் இம்போசிஷன் (தாளில் பக்கங்களை அடுக்கும்) திட்டத்தை வாங்கி, எந்தப் பக்கம் எதன் தடத்தில் வருகிறது என்று பார்த்துப் புடவைகளை அடுக்குங்கள். செலவே இல்லாத திருத்தம் இது, கேட்பவர்கள்தான் குறைவு.

லாமினேஷன் போடுவதாக இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிளாஸ் போட்டால் கருமை ஆழமாகும். மேட் போட்டால் கருமை வெளிறி, கரும்பச்சைக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் குறையும். ஐஎஸ்ஓ எண்கள் எல்லாம் லாமினேட் ஆகாத தாளுக்கானவை. அதே அச்சகத்தின் பழைய வேலையில் பாதி லாமினேட் செய்த தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைக்காரரிடம் ப்ரூஃபோடு சேர்த்துக் காட்டிவிடுங்கள். ஜரிகைக்குத் தங்க மை ஐந்தாவது கலராகப் போவதாக இருந்தால் எப்சன் அதைக் காட்டாது. மைக்காரரிடம் அதே காகிதத்தில் தங்க மையைத் தேய்த்த மாதிரித் துண்டு கேளுங்கள்.

சிவகாசியில் அடிப்பதாக இருந்தால் ஒரே நாளில், ஒரே ரோலில், இரண்டு செட் ப்ரூஃப் எடுக்க வேண்டும். இரண்டிலும் வெட்ஜ், இரண்டிலும் கையெழுத்து. ஒன்று கடைக்காரரிடம், ஒன்று மெஷின் பக்கத்தில். சுருட்டிக் குழாயில் போட்டு ராத்திரி பஸ்ஸில் அனுப்பாமல், இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து அனுப்புங்கள். அங்கே போனதும் வெட்ஜை மறுபடி அளந்து அனுப்பச் சொல்லலாம். வழியில் ஏதாவது கெட்டிருந்தால் பிளேட் போடும் முன்பே தெரிந்துவிடும். அச்சான தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பி ஓகே வாங்குவது கூடாது. போன் கேமரா வெள்ளையைத் தானே திருத்திக்கொள்ளும், திரை நிறத்தைத் தூக்கிக் காட்டும். அங்கே மீட்டர் இருந்தால் கலர் பட்டையின் எண்களை அனுப்பச் சொல்லுங்கள், அதை நம்பலாம்.

திரையிலேயே பார்க்கும் சாஃப்ட் ப்ரூஃப் முதல் இரண்டு சுற்றுக்கு நன்றாகவே உதவும், செலவும் மிச்சம். மானிட்டரை மாதம் ஒருமுறையாவது கருவி வைத்து 5000 கெல்வினுக்குச் சரிசெய்து, வெளிச்சத்தை 120 முதல் 160 கேண்டெலாவுக்குள் வைத்து, ஃபோட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப்பில் அதே புரொஃபைலைப் போட்டு, காகித நிறத்தையும் காட்டச் சொல்ல வேண்டும். காகித நிறம் காட்டியதும் படம் திடீரென்று செத்த மாதிரி இருக்கும். அந்த நொடியில் வேறு பக்கம் பார்த்துவிட்டு, கண் பழகிய பிறகு திரும்புங்கள். காமுட் வார்னிங்கை (அச்சில் வராத நிறங்களைக் காட்டும் எச்சரிக்கையை) போட்டால் வாடாமல்லி முழுக்கச் சாம்பல் பூசித் தெரியும். கடைக்காரருக்கு அதைக் காட்டி, ‘இந்த நிறம் நாலு கலரில் வராது, வேண்டுமென்றால் தனி மை போடலாம், இத்தனை செலவு’ என்று படம் திருத்தும் கட்டத்திலேயே சொல்லிவிடலாம்.

இப்போது கையில் இருக்கும் கேட்லாகுக்கு: கையெழுத்துப் போட்ட ப்ரூஃபில் வெட்ஜ் இருந்தால் முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். ப்ரூஃப் தேறி, அச்சுத் தாளின் கலர் பட்டை தவறினால் பொறுப்பு அச்சகத்துடையது. ப்ரூஃபே தேறாமல் அச்சு எண்களுக்குள் இருந்தால் ப்ரூஃப் எடுத்த இடத்தோடு பேச வேண்டும். இரண்டும் தேறினால் ஃபைலில் பாருங்கள், படங்கள் ஆர்ஜிபி-யில் போயிருக்கலாம், அல்லது காகிதமும் புரொஃபைலும் பொருந்தாமல் இருக்கலாம். வெட்ஜே இல்லை என்றால் யார் மீதும் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த நிலையில் அதே ஃபைலை அளந்து தரும் இடத்தில் கொடுத்து, வாடாமல்லிப் பக்கத்தையும் மயில் கழுத்துப் பக்கத்தையும் மட்டும் புதிதாக ப்ரூஃப் எடுங்கள். புது ப்ரூஃபிலும் வாடாமல்லி மங்கித்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வந்தால் அச்சகத்தின் மேல் தப்பில்லை. மறு அச்சு போடும்போது அந்த ஒரு ஃபாரத்துக்கு மட்டும் ஐந்தாவது மையாக ஒரு ஸ்பாட் பிங்க் சேர்ப்பதுதான் வழி. ஓகே ஆன தாளில் இரண்டை, காய்ந்த பிறகு, கருப்பு உறையில் போட்டு வெளிச்சம் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அளந்த எண்களை அதன் பின்பக்கம் எழுதி.